செயின்ட் ஆக்னஸில் நானே செய்த அலைப்பலகை

டாக்சிக்காரர் மேல் உள்ள கோபம் இன்னும் தணியவில்லை, அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். லண்டன் பேடிங்டனில் ஏறி, ஐந்து மணி நேரம் உட்கார்ந்து, வெள்ளிக்கிழமை இரவு இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் உள்ள ரெட்ரூத்தில் இறங்கியபோது, கடலோர ஊரான செயின்ட் ஆக்னஸுக்குக் கடைசி பஸ் போய்விட்டது. போனில் 22 பவுண்டு என்றவர், ஊருக்குள் வந்து வண்டியை நிறுத்தியதும் 35 கேட்டார். இரவுக் கட்டணமாம். மீட்டர் ஓடவே இல்லை. மழை, இருட்டு, தெரியாத ஊர்; கொடுத்துவிட்டேன். மூன்று இரவுக்கு விடுதிக் கட்டில் 84 பவுண்டு என்று எண்ணி எண்ணி வந்தவளுக்கு அந்த 13 பவுண்டு சின்னக் காசு இல்லை. கார்ன்வால் போகிறவர்கள் ஏறுவதற்கு முன்பே தொகையைக் குறுஞ்செய்தியில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, வந்த காரியத்துக்கு வருகிறேன்: ஒரு பட்டறையில் அலைப்பலகை செய்யக் கற்றுக்கொள்வது. அதன் பெயர் பெல்லிபோர்டு. எழுந்து நின்று சறுக்கும் சர்ஃபிங் பலகை இல்லை இது. நாலடி நீளம், ஒரு அடி அகலம், மெல்லிய மரப்பலகை. முனை மட்டும் மேல்நோக்கி வளைந்திருக்கும். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, அலை உடைந்து வரும் நேரம் பார்த்து, பலகையை வயிற்றுக்கு அடியில் கொடுத்துக் கரையை நோக்கிப் பாய வேண்டும். முதல் உலகப் போருக்குப் பிறகு இந்தக் கரையில் பரவிய பழக்கம். பக்கத்துப் பெரன்போர்த்தில் சவப்பெட்டி செய்துவந்த தச்சர்தான் ஆரம்பத்தில் இவற்றை அறுத்துக் கொடுத்தார் என்று இங்கே சொல்வார்கள். துப்பறியும் நாவலாசிரியை அகதா கிறிஸ்டி 1922இல் தென்னாப்பிரிக்காவின் மியூசன்பெர்க்கில் பழகியதும் இப்படி ஒரு மெல்லிய பலகையில்தான். செயின்ட் ஆக்னஸை ஒட்டிய சேப்பல் போர்த் கடற்கரையில் 2003இல் இதற்கென்று உலகப் போட்டியே தொடங்கினார்கள். மரப்பலகை மட்டும்தான், குளிர் தாங்கும் ரப்பர் உடையான வெட்சூட் போடக் கூடாது.

பட்டறை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. படகுத் தச்சராக இருந்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் தோட்டத்துக் கொட்டகை. நான்கு பேர் வந்திருந்தோம். இரண்டு நாளுக்கு 95 பவுண்டு, மரமும் சேர்த்து. கட்டும்போது மனசு அடித்துக்கொண்டது. இப்போது கேட்டால் இன்னொரு முறையும் கட்டுவேன்.

தண்ணீர் தாங்கும் பசை போட்ட 6 மில்லிமீட்டர் பிர்ச் ப்ளைவுட். கோடு போட்டு ஜிக்சாவில் அறுப்பது அரை மணி வேலை. முனையை வளைப்பதில்தான் வித்தை இருக்கிறது. மேலடுக்கின் ரேகை நீளவாக்கில் ஓடுவதால் பலகை வளைய மறுக்கும். ரேகை குறுக்கே இருந்தால் சுலபமாக வளையும், ஆனால் அலையில் எளிதாக ஒடிந்துவிடும். அதனால் முனையில் ஓரடிக்குப் பழைய துண்டைச் சுற்றி, கெட்டில் கெட்டிலாகக் கொதிநீர் ஊற்றினோம். பிறகு வளைந்த அச்சுக்கட்டை மேல் வைத்து கிளாம்பை முறுக்க வேண்டும். கால் திருப்பு, நிறுத்து, மறுபடி கால் திருப்பு. நாலாவது திருப்பில் மரம் கிர்ரென்று முனகியது. பெரியவர் கையைத் தூக்கினார், அப்படியே நின்றேன். இன்னொரு கெட்டில் ஊற்றி, காதைப் பலகைக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டுவிட்டு, இப்போது திருப்பு என்று தலையாட்டினார். சூடான ஈர மரத்திலிருந்து கஞ்சி கொதிக்கிற மாதிரி ஒரு வாசனை. இரவு முழுக்க அச்சிலேயே இருந்தது. கழற்றினால் வளைவு கொஞ்சம் திரும்பிவிடும் என்று தெரிந்துதான் கூடுதலாக வளைத்திருந்தார்: அச்சில் மூன்று அங்குலம் தூக்கியிருந்த முனை, காலையில் கழற்றியதும் இரண்டில் வந்து நின்றது.

ஞாயிறு முழுக்க உப்புத்தாள். 80, 120, 240 என்று வரவர நைசான தாள். நாகர்கோவிலில் ஆசாரியாக இருந்த என் தாத்தா விளிம்பைக் கண்ணை மூடிக்கொண்டுதான் தடவிப் பார்ப்பார். பட்டறைப் பெரியவரும் அதையே செய்தார், ஒரு வார்த்தை பேசாமல். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அப்புறம் வார்னிஷ். ப்ளைவுட்டின் விளிம்பு தண்ணீரைக் குடிக்கும், குடித்தால் அடுக்கு பிரியும். அதனால் முகத்துக்கு மூன்று பூச்சு, விளிம்புக்கு ஐந்து.

திங்கள் காலை சேப்பல் போர்த். நேரம் பார்த்துப் போங்கள். கடல் ஏற்றத்தின்போது மணலே இருக்காது, வற்றத்தின்போதுதான் கரை நீண்டு விரியும். மேலே பாறையில் வீல் கோட்ஸ் வெள்ளீயச் சுரங்கத்தின் இடிந்த கட்டடங்கள். இழுப்பு பலமான கடல் இது, உயிர்காப்பாளர்களின் சிவப்பு மஞ்சள் கொடிகளுக்கு நடுவில் மட்டும் இறங்குங்கள். செப்டம்பரிலும் தண்ணீர் கடித்தது. முதல் மூன்று அலையில் பலகையை முன்னால் தள்ளிப் பிடித்ததால் முனை தண்ணீருக்குள் குத்தியது. பின்முனையை இடுப்புவரை இழுத்துக்கொண்டேன். நாலாவது அலை வந்தது, காலால் மணலை உந்தினேன். ஐயோ, அந்த வேகம்! நுரை காதைத் தாண்டிப் பறக்கிறது, முந்தாநாள் ஷீட்டாக இருந்த மரம் மார்புக்கடியில் அதிர்கிறது, வளைத்த அந்த இரண்டு அங்குலம் தண்ணீருக்கு மேலே நிற்கிறது. முழங்கால் மணலில் உரசும்வரை போனேன். பதினெட்டு முறையாவது திரும்பிப் போயிருப்பேன்.

விறைத்துப்போய் மேலே வந்து, அங்கே உள்ள கடையில் ஹெட்ஜ்ஹாக், அதாவது முள்ளெலி ஐஸ்கிரீம் வாங்கினேன். வெனிலா ஐஸ்கிரீமைத் திரட்டுப்பால் மாதிரி கெட்டியான கிளாட்டட் கிரீமில் மூடி, வறுத்த ஹேசல் பருப்பில் புரட்டித் தருகிறார்கள். குளிரில் நடுங்கிக்கொண்டே இன்னொன்றும் வாங்கினேன். பட்ஜெட் அன்றைக்கு இல்லை.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இந்தப் பக்கத்துக் கடற்கரைக் கடைகளில் தெர்மோகோல் மாதிரியான மலிவான பாலிஸ்டைரின் பலகைகள் தொங்குகின்றன. ஒரே நாளில் ஒடிகின்றன, உள்ளே உள்ள வெள்ளை மணிகள் மணலில் உதிர்ந்து கடலுக்குப் போகின்றன. குப்பைத் தொட்டி அருகே உடைந்தவற்றைக் குவியலாகப் பார்த்தேன். தயவுசெய்து வாங்காதீர்கள்.

திரும்பும்போது பஸ்தான், பலகையை முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு 3 பவுண்டில் ரெட்ரூத் வந்துவிட்டேன். அச்சுக்கட்டையின் அளவை நோட்டில் வரைந்து எடுத்து வந்திருக்கிறேன். எட்டடிக்கு நாலடி ப்ளைவுட் ஷீட் ஒன்றில் எட்டுப் பலகை வரும். அதைப் பங்கிட்டுச் செய்ய என்னோடு சேர்த்து ஐந்து பேர் ஆகிவிட்டோம், இன்னும் மூன்று பேர் வேண்டும்.