குளியலறையில் ஒரு ஆறுமணிக்குருவி

அக்டோபர் பிறந்துவிட்டால் சென்னையில் பறவை பார்க்கிறவர்களுக்கு ஒரே மாதிரியான போன் வரத் தொடங்கும். "கலர் கலரா ஒரு குருவி எங்க மாடியில விழுந்து கெடக்கு. கிளியும் இல்ல, மைனாவும் இல்ல, வால் இருக்கான்னே தெரியல." பெரும்பாலும் அது ஆறுமணிக்குருவிதான். இமயமலை அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்துக்குத் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் வரும் பறவை. பயணம் எல்லாம் இரவில். களைத்துப்போய் ஊருக்குள் இறங்குவதும் கண்ணாடியில் மோதிக்கொள்வதும் வருடா வருடம் நடக்கிறது. போன வருடம் அந்தப் போனைச் செய்தவள் நான்.

எங்கள் வீடு சேலையூரில், இரண்டாவது மாடி. பால்கனிக்கு ஆளுயரக் கண்ணாடிக் கதவு. எதிரே நிற்கும் வேப்பமரம் அதில் அப்படியே தெரியும். ஒருநாள் விடிகாலையில் 'டொப்'பென்று சத்தம் கேட்டுப் போய்ப் பார்த்தால், தொட்டிகளுக்கு நடுவே ஒரு குருவி ஒருக்களித்துக் கிடக்கிறது. பச்சை முதுகு, மஞ்சளும் பழுப்புமாக வயிறு, வாலடியில் குங்குமச் சிவப்பு, கண் வழியாக ஒரு கறுப்புப் பட்டை. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. கைப்பிடிச் சுவரில் அதற்குள் இரண்டு காக்கைகள்.

பழைய பருத்தித் துண்டை மேலே போட்டு மூடி, அப்படியே எடுத்தேன். பறவையைப் பிடிக்கும்போது நெஞ்சை அழுத்தக் கூடாது. நமக்கு இருப்பதுபோல அதற்கு உதரவிதானம் கிடையாது. நெஞ்செலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சே. இறுக்கிப் பிடித்தால் கையிலேயே போய்விடும். செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் ஓட்டை போட்டு, அடியில் கிழிந்த வேட்டியை விரித்து உள்ளே விட்டேன். டர்க்கி டவல் வேண்டாம், அந்த நூல் சுருக்குகளில் நகம் மாட்டிக்கொள்ளும்.

அங்கிருந்துதான் உண்மையான வேலை தொடங்கியது. குருவியைக் காப்பாற்றுவதைவிட, வீட்டில் இருப்பவர்களின் இரக்கத்திலிருந்து அதைக் காப்பாற்றுவது பெரும்பாடாக இருந்தது.

"பாவம்டி, ஒரு சொட்டு தண்ணியாவது வாயில ஊத்து" என்றார் அம்மா, கையில் சங்கோடு. பறவைக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குப் பின்னாலேயே திறந்திருக்கும். ஊற்றுகிற தண்ணீர் நேராக நுரையீரலுக்குப் போய்விடலாம். அதிலும் மண்டையில் அடிபட்டு மயங்கிக் கிடப்பதற்கு ஊற்றவே கூடாது. வனத்துறைக்குப் போன் செய்தபோது எடுத்தவர் முதலில் சொன்னதும் இதைத்தான்: "மேடம், இருட்டா வைங்க, சத்தம் வேண்டாம். தண்ணி மட்டும் ஊத்திடாதீங்க." காட்டுப் பறவையை வீட்டில் வைத்து வளர்க்க 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. அதனால் இந்தப் போனைத் தள்ளிப்போடாமல் செய்துவிடுவது நல்லது. போனில் பேசிய வனத்துறைக்காரர், டாக்டரிடம் காட்டிவிட்டு, தேறும்வரை பார்த்துக்கொள்ள முடிந்தால் பார்த்துக்கொள்ளுங்கள், விடும்போது நாங்கள் வருகிறோம் என்றார்.

டாக்டர் கிடைப்பது அத்தனை சுலபமில்லை. பக்கத்தில் இருந்த கிளினிக்கில் "நாங்க நாய், பூனை மட்டும்தான்" என்று கதவருகிலேயே சொல்லிவிட்டார்கள். வேப்பேரி கால்நடை மருத்துவமனை வரை அந்த நெரிசலில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக மனம் வரவில்லை. விசாரித்து விசாரித்து, பறவை பார்க்கத் தெரிந்த ஒருவரைத் தாம்பரத்திலேயே பிடித்தோம். இறக்கையை விரித்து, எலும்பை விரலால் தடவிப் பார்த்தார். முறிவு இல்லை, தோளில் வீக்கம், அதனால்தான் இடது இறக்கை தொங்குகிறது என்றார். டார்ச் அடித்துப் பார்த்ததில் ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக இருந்தது. மோதிய அதிர்ச்சி. பூனை கவ்வியதா என்று இரண்டு முறை கேட்டார். பூனையின் பல் பட்டிருந்தால் காயம் ஊசிமுனை அளவே இருந்தாலும் உடனே ஆன்டிபயாடிக் வேண்டுமாம்.

வீக்கத்துக்கு ஒரு மருந்து கொடுத்தார். இன்சுலின் ஊசிக்குழாயில் கோடு பார்த்து எடுக்கும் அளவு. அதைக் குருவியின் வாயில் விடாமல் புழுவுக்குள் ஏற்றி, அந்தப் புழுவைத் தின்ன வைக்கச் சொன்னார். வீட்டில் இருக்கிற காய்ச்சல் சிரப் எதையும் கொடுத்துவிடாதீர்கள் என்று இரண்டு தரம் எச்சரித்தார். பறவையின் எடை 50 கிராம்தான், எங்கள் சமையலறைத் தராசில். நல்ல ஆரோக்கியமான ஆறுமணிக்குருவி 60 கிராமைக்கூடத் தாண்டலாம்.

புழு எங்கே கிடைக்கும்? அரோவானா மீனுக்குப் போடுவதற்காக அலங்கார மீன் கடைகளில் மீல்வேர்ம் விற்கிறார்கள், சின்ன டப்பாவில். வாங்கிவந்து இடுக்கியால் நீட்டினால் குருவி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தரையில் சருகைக் கிளறித் தின்கிற பறவைக்கு அந்தரத்தில் தொங்கும் புழு சாப்பாடாகத் தெரியுமா என்ன! பக்கத்து வீட்டு மாமி அரிசியும் ரொட்டித் துண்டும் கொண்டுவந்து கொடுத்தார். வாங்கி வைத்துக்கொண்டு காக்கைக்குப் போட்டேன்.

விருந்தினர் குளியலறையைக் காலி செய்து, ஈரமில்லாமல் துடைத்து, ஜன்னல் கண்ணாடியைப் பழைய புடவையால் மறைத்தேன். லவ் பேர்ட்ஸ் கூண்டு ஒன்றை மாடிவீட்டுப் பையன் தர வந்தான். கம்பியில் அடித்து அடித்து இறகு நுனி ஒடிந்துவிடும், அப்புறம் பறக்க இறகு இருக்காது என்று திருப்பி அனுப்பினேன். ஒரு பிளாஸ்டிக் தட்டில் வேப்பஞ்சருகும் கொஞ்சம் ஈர மண்ணும் பரப்பி, அம்மாவின் ரோஜாத் தொட்டிகளைத் தோண்டி எடுத்த மண்புழுக்களை அதற்குள் விட்டேன். மீல்வேர்மும் நாலைந்து. கதவைச் சாத்திவிட்டுச் சாவித்துவாரம் வழியாகப் பார்த்தேன்.

வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு சருகு லேசாக அசைந்தது. குருவி தலையைச் சாய்த்தது. ஒரே தத்தலில் தட்டுக்குள் போய், அலகால் சருகைப் பக்கவாட்டில் தள்ளியது. இன்னொன்று. மூன்றாவதன் அடியில் மண்புழுவின் வால் தெரிந்தது. பிடித்து இழுத்து, தரையில் இரண்டு அடி அடித்து, நீளவாட்டில் திருப்பி விழுங்கியது. குட்டை வால் மேலும் கீழும் ஆடியது. மருந்து ஏற்றிய புழு அன்று மாலை போனது. நான் ஹாலுக்கு ஓடிவந்து சத்தமில்லாமல் குதித்ததை வீட்டில் யாரும் மதிக்கவில்லை.

அதற்குப் பிறகு செய்ய அதிகம் இல்லை, அதுதான் கஷ்டம். காலையும் மாலையும் சருகுத் தட்டை மாற்றுவது, எச்சத்தைப் பார்ப்பது, பேப்பரை எடுத்துப்போட்டுக் கையை சோப்பு போட்டுக் கழுவுவது. மற்ற நேரம் கதவு சாத்தியே இருக்கும். குருவிக்கு நம் முகம் வேட்டை மிருகத்தின் முகம். நாம் கொஞ்சக் கொஞ்ச அதன் நெஞ்சு படபடக்கும். அடிபட்ட பறவைக்கு அந்தப் பயமே எமனாகிவிடும். "ஒரே ஒரு போட்டோக்கா" என்று கேட்டுவந்த குடியிருப்புப் பிள்ளைகளுக்கு நான் வில்லியாகிவிட்டேன். டிவியின் சத்தத்தைக் குறைத்ததில் அப்பாவுக்கும் கோபம்.

ஒரு மாலை, வெளிச்சம் மங்கும் நேரம், குளியலறைக்குள்ளிருந்து தெளிவாக இரண்டு சுரத்தில் ஒரு விசில். மறுபடியும். அப்பா நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். பேருக்கு ஏற்றபடி ஆறடிக்கச் சில நிமிடங்கள் இருந்தன. அதன் பிறகு டிவி பற்றி அவர் பேசவில்லை.

வீக்கம் வடிந்து இறக்கை சமமாக மடிந்ததும், ஓர் அறை முழுக்கக் கொசுவலையைத் தொங்கவிட்டு உள்ளே பறக்கவிட்டோம். சுவரில் மோதினாலும் அடிபடாது. முதலில் கட்டில் உயரம் வரைதான் எழும்பியது. சில நாளில் அலமாரி உச்சிக்குப் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தது. எடையும் ஏறியிருந்தது. டாக்டர் போதும் என்றார்.

வனத்துறை ஊழியர் சொன்னபடி, மழை இல்லாத ஒரு விடிகாலையில் நன்மங்கலம் காப்புக்காட்டு ஓரம். காக்கைகள் கிளம்புவதற்கு முன்னால் விட்டால்தான் புதர் தேட அதற்கு அவகாசம் கிடைக்கும் என்றார். பெட்டியைத் தரையில் வைத்து மூடியைத் திறந்தோம். வெளியே தத்தி வந்து, ஒரு சருகைப் புரட்டிப் பார்த்தது. அப்புறம் இறக்கையில் இருந்த வெள்ளைத் திட்டு பளிச்சிட, தாழப் பறந்து முட்புதருக்குள் போய்விட்டது. அம்மா கொண்டுவந்திருந்த புழு டப்பாவையும் அங்கேயே கவிழ்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் கண்ணாடிக் கதவைக் கவனித்தோம். ஒரே ஒரு கழுகுப்படம் ஒட்டினால் போதும் என்று பலர் சொல்வார்கள். பிரயோஜனம் இல்லை, அதைச் சுற்றிக்கொண்டு பறவை மோதும். கண்ணாடி முழுக்க, வெளிப்பக்கத்தில், இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகப் புள்ளி வேண்டும். அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டுகளை ஒட்டிப் பார்த்தேன். அடுத்த மழையில் பாதி உதிர்ந்துவிட்டது. இப்போது வெள்ளை பெயின்ட் மார்க்கரால் வரிசையாக வைத்திருக்கிறோம். மேல் வரிசைகளை அப்பா ஸ்டூல் போட்டு ஏறி வைத்தார், கொஞ்சம் கோணல்தான்.