பலகையில் செதுக்கிய துக்கம்

ஜெர்மன் பெண் ஓவியர் கேத்தே கோல்விட்ஸின் மரச்செதுக்கு அச்சு ஒன்றை இன்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். 1919 ஜனவரி 15 அன்று பெர்லினில் கொல்லப்பட்ட புரட்சியாளர் கார்ல் லீப்க்னெக்ட்டின் உடல் கீழே நீளமாகக் கிடக்கிறது. மேலே தொழிலாளர்கள் குனிந்து நிற்கிறார்கள். சிலுவையிலிருந்து இறக்கிய இயேசுவைச் சுற்றி அழும் பழைய தேவாலய ஓவியங்களின் அதே அமைப்பு.

லீப்க்னெக்ட்டின் குடும்பத்தார் கேட்டதால் கோல்விட்ஸ் பிணவறைக்கே போய் அவரை வரைந்தார். சுடப்பட்ட நெற்றியைச் சுற்றிச் சிவப்புப் பூக்கள் வைத்திருந்ததாக நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். முதலில் உலோகத் தகட்டில் முயன்றார், அப்புறம் கல்லச்சில். இரண்டும் அவருக்குத் திருப்தி தரவில்லை. 1920-ல் சிற்பி எர்ன்ஸ்ட் பார்லாக்கின் மரச்செதுக்குகளைப் பார்த்த பிறகுதான் பலகையைக் கையில் எடுத்தார். செதுக்கி எடுத்த இடம் வெள்ளை, விட்டுவைத்த இடம் கருப்பு. நடுவில் சாம்பல் நிறத்துக்கு இடமே இல்லை. அந்தத் துக்கத்துக்கு இந்தக் கடினம்தான் சரி என்று எனக்குத் தோன்றுகிறது.

இத்தனைக்கும் அவர் லீப்க்னெக்ட்டின் அரசியலை ஏற்றவர் அல்ல. ஆனால் 1914-ல் மகன் பீட்டரைப் போருக்குப் பறிகொடுத்த தாய். அந்தக் கூட்டத்தில் குழந்தையோடு நிற்கும் பெண்ணைத் தாண்டி என் கண் நகரவே மறுக்கிறது.