போயிட்டு வரேன்

வந்த மறுநாள் காலை. செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் வாசிலியெவ்ஸ்கி தீவில் நான் தங்கியிருந்த வீட்டுப் பாட்டி, கோட்டை மாட்டிக்கொண்டு கதவருகே நின்று "நூ, யா பஷ்லா" என்றார். அகராதியைப் புரட்டினேன். "சரி, நான் போயிட்டேன்." இறந்தகாலம். கதவு சாத்திக்கொண்டது.

ரொட்டி வாங்கத்தான் போயிருக்கிறார். பத்து நிமிஷத்தில் வந்தும் விட்டார். ஆனாலும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. எங்கள் வீட்டில் தெருமுனைக் கடைக்குப் போனால்கூட "போறேன்" என்று சொல்லிவிட முடியுமா? "போயிட்டு வரேன்னு சொல்லுடி" என்று அம்மா அடுக்களையிலிருந்தே திருத்துவாள். இங்கே என்னடா என்றால் வாசல்படி தாண்டும் முன்பே போயே போய்விடுகிறார்கள்.

செப்டம்பர் முதல் ஜனவரி வரை ஒரு செமஸ்டர், ரஷ்யர் வீட்டிலேயே தங்கி மொழி படிப்பதாக ஏற்பாடு. உச்சரிப்பில் முதல் வாரம் நான்தான் ராணி. நீ, நாங்கள், நீங்கள் என்பதற்கான மூன்று சொற்களிலும் ஓர் உயிரொலி வரும். கூடப் படித்த மற்ற வெளிநாட்டுக்காரர்கள் அதற்காக வாயை எப்படியெல்லாமோ கோணினார்கள். நான் 'பாட்டு', 'காசு' இவற்றின் கடைசி உகரத்தைக் கொஞ்சம் உள்ளே இழுத்தேன், வந்துவிட்டது. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த குற்றியலுகரம் இவ்வளவு தூரம் வந்து கைகொடுக்கும் என்று யார் கண்டது!

அந்த மிதப்பு வினைச்சொற்களோடு போயிற்று. தமிழில் 'போ' ஒன்று போதும். நடந்தும் போகலாம், பஸ்ஸிலும் போகலாம், ஆயுசு முடிந்தால் மேலேயும் போகலாம். ரஷ்ய மொழியில் நடந்து போக ஒன்று, வண்டியில் போக ஒன்று. அதிலும் ஒரே திசையில் போய்க்கொண்டிருந்தால் ஒன்று, அடிக்கடி போய் வந்தால் வேறொன்று. பறக்க, நீந்த, ஓட, தூக்கிக்கொண்டு போக என்று எங்கள் பாடநூலில் 14 ஜோடி. முன்னால் ஒட்டும் முன்னொட்டுகள் தனிக்கணக்கு. அட்மிரல்தெய்ஸ்கயா மெட்ரோ நிலையம் 86 மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. எஸ்கலேட்டரில் இறங்குகிற நேரம் முழுக்க ஜோடி ஜோடியாக முணுமுணுப்பேன். கீழே சேர்வதற்குள் பாதி மறந்திருக்கும்.

அப்படியும் ஒருநாள் வகுப்பில் "இந்தியாவிலிருந்து வந்தேன்" என்பதற்கு 'ப்ரியேஹலா' சொல்லாமல் 'ப்ரிஷ்லா' சொல்லிவிட்டேன். நடந்து வந்தேன் என்று அர்த்தம். ஆசிரியை சிரிக்காமல் கேட்டார்: "எத்தனை நாள் நடந்தீர்கள்?" வகுப்பே சிரித்து அடங்கியதும் அவரே சமாதானமும் சொன்னார். 15ஆம் நூற்றாண்டில் த்வேர் நகரத்து வணிகர் அஃபனாசி நிகிதின் பாரசீகம் வழியாக இந்தியா வந்து பீதர் வரைக்கும் போயிருக்கிறார். அவருடைய பயணக் குறிப்பின் தலைப்பில் மூன்று கடல் தாண்டி 'நடந்ததாக'த்தான் இருக்கிறதாம். கப்பலேறி வந்தவர் நடந்தேன் என்று சொல்லலாம், விமானத்தில் வந்தவள் சொல்லக்கூடாது. என்ன நியாயமோ.

நவம்பரில்தான் அந்தச் சொல் கிடைத்தது. பால் தீர்ந்துவிட்டது. பாட்டி பையை எடுத்துக்கொண்டு "ஸ்ஹஜூ" என்றார். நடப்பதற்கான சொல்தான், முன்னால் ஒரு 'ஸ்'. போய், வேலையை முடித்து, திரும்பி வருவது எல்லாம் அந்த ஒரே சொல்லில். அட, நம்ம 'போயிட்டு வரேன்'! நோட்டில் எழுதி இரண்டு தடவை அடிக்கோடு போட்டேன். அன்றிலிருந்து குப்பை கொட்டப் போனாலும் ஸ்ஹஜூதான். பாட்டிக்கு அலுத்திருக்கும்.

டிசம்பரில், நன்றாகப் பழகிவிட்டது என்று வீட்டுக்குப் போனில் சொல்லிக்கொண்டிருந்தேன். காலை பத்து மணிக்கு விடிந்து நாலுக்குள் இருட்டுவதும் பழகிவிட்டது. ரவைக்கு இங்கே மான்கா என்று பெயர், பாலில் கஞ்சியாகக் காய்ச்சுவார்கள். நான் அதில் உப்புமா கிண்டினேன். அப்புறம் ஒருநாள் கையுறையை மறந்து மாடிப்படியிலிருந்து திரும்பி ஓடிவந்தேன். பாட்டி வழியை மறித்தார். "கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் போ." மறந்ததை எடுக்கத் திரும்பினால் போகிற காரியம் கெடுமாம், கண்ணாடி பார்த்தால் சரியாகிவிடுமாம். பார்த்தேன். குல்லாவுக்கும் மஃப்ளருக்கும் நடுவே ஒரு மூக்கு. திருச்சி வீட்டில் பரீட்சை அன்று ஹால் டிக்கெட்டை மறந்து திரும்பியவளிடம், "ஒரு நிமிஷம் உக்காந்து தண்ணி குடிச்சிட்டுப் போ" என்று அம்மா நீட்டிய அந்த எவர்சில்வர் சொம்பு...

அன்று வகுப்புக்குப் பத்து நிமிஷம் தாமதம். ஏன் என்று ஆசிரியைக்கு விளக்கும் அளவுக்கு ரஷ்ய மொழி எனக்கு வரவில்லை.

ஜனவரியில் கிளம்பும் நாள். பெட்டி கட்டியாயிற்று, டாக்சியும் கீழே வந்தாயிற்று. பாட்டி பதறவேயில்லை. "உட்கார்" என்றார். பயணம் புறப்படும் முன் எல்லோரும் சும்மா உட்கார வேண்டும், அது அவர்கள் வழக்கம். அவர் ஸ்டூலில், நான் பெட்டியின் மேல். யாரும் பேசவில்லை. அப்புறம் எழுந்தோம். வாசல்படிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று விடைபெறுவது அங்கேயும் ஆகாது. உள்ளே நின்றபடியே அவரைக் கட்டிக்கொண்டு "ஸ்ஹஜூ" என்றேன்.

பாட்டி தலையை ஆட்டி மறுத்தார். அது நடந்து போய் வருவதற்கு.

"ஸ்லிதாயு" என்று திருத்தினார். பறந்து போயிட்டு வரேன்.