விடுப்பு மனுவும் விசாரணை அறிக்கையும்

சிறைத்துறையில் நன்னடத்தை அலுவலராகப் பணியாற்றிய ஆண்டுகளில் என் மேசையில் ஓயாமல் வந்து சேர்ந்தவை ஆயுள் சிறைவாசிகளின் விடுப்பு மனுக்கள். வெளியில் எல்லோரும் பரோல் என்று சொல்வதைத் தமிழ்நாட்டு விதிகள் விடுப்பு என்றே குறிக்கின்றன. 'தமிழ்நாடு தண்டனை நிறுத்திவைப்பு விதிகள், 1982' என்னும் பெயரிலேயே அதன் தன்மை அடங்கியிருக்கிறது. தண்டனை சில நாட்களுக்கு நிறுத்திவைக்கப்படுகிறதே தவிரக் குறைக்கப்படுவதில்லை. வீட்டில் கழித்த நாட்களைச் சிறைவாசி பின்னர் உள்ளே இருந்தே ஈடுசெய்ய வேண்டும். 'கொலை செய்தவனை வீட்டுக்கு அனுப்பிச் சோறு போடுகிறார்கள்' என்று என்னிடம் கோபப்பட்டவர்கள் பலருக்கு இது தெரிந்திருக்கவில்லை.

நெருங்கிய உறவினரின் மரணம், கடும் நோய், திருமணம் ஆகியவற்றுக்கு அவசரகால விடுப்பு உண்டு. என் பணியோடு அதிகம் பிணைந்திருந்தது சாதாரண விடுப்பு. மூன்று ஆண்டுகள் சிறையில் கழித்த பிறகே அதற்கு மனுச் செய்ய முடியும். ஒரு முறைக்கு 21 நாட்களுக்குக் குறையாமலும் ஒரு மாதத்துக்கு மிகாமலும் கிடைக்கும். அடுத்த விடுப்புக்கு, திரும்பிய நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதற்கான காரணங்களாக விதி அடுக்குபவற்றைப் படிக்கும்போதெல்லாம், அதை எழுதியவர் கிராமத்துக் குடும்பங்களை நன்கு அறிந்தவராக இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது, வீடு கட்டுவது அல்லது பழுதுபார்ப்பது, உடன்பிறந்தோர் கல்யாணம், பாகப்பிரிவினை, விதைப்பு, அறுப்பு என்று ஒரு குடும்பத்தலைவன் இல்லாமல் தடைப்படும் வேலைகளே அங்கே வரிசையாக நிற்கின்றன.

ஆனால் விதைப்புக்குப் பருவம் உண்டு, கோப்புக்கு இல்லை. சிறைக் கண்காணிப்பாளரிடம் கொடுக்கும் மனு நன்னடத்தை அலுவலரின் விசாரணைக்கும் காவல்துறையின் கருத்துக்கும் சென்று, அந்தச் சரகத்தின் சிறைத்துறைத் துணைத்தலைவரின் (டி.ஐ.ஜி.) உத்தரவோடு திரும்ப வேண்டும். இதில் எங்கே சில வாரங்கள் தங்கினாலும், மனுவில் எழுதிய காரணம் காலாவதியாகிவிடும்.

பணியில் சேர்ந்த புதிதில் நான் எழுதிய ஓர் அறிக்கையை இன்றும் மறக்க முடியவில்லை. தீர்ப்பு நகலைப் படித்துவிட்டு, 'குற்றத்தின் கொடூரத்தைக் கருத்தில் கொண்டு விடுப்பு பரிந்துரைக்கப்படவில்லை' என்று எழுதியிருந்தேன். அதைப் பார்த்த மூத்த அலுவலர் கேட்டார்: "அந்த வழக்கைத்தான் நீதிமன்றம் விசாரித்து முடித்துவிட்டதே, நீங்கள் எதை விசாரித்தீர்கள்?" மனுவில் சொன்ன தேவை உண்மையா, இவர் ஊருக்குப் போனால் இவருக்கோ பிறருக்கோ ஆபத்து உண்டா, பொறுப்பேற்றுத் தங்கவைக்க ஆள் இருக்கிறதா என்பவையே என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள், அவற்றில் ஒன்றுக்குக்கூட நான் விடை எழுதவில்லை. கொடுங்குற்றம் செய்தவர் என்பது மட்டுமே பரோலை மறுக்கப் போதுமான காரணமாகாது என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, அந்தப் பழைய அறிக்கைதான் என் கண்முன் வந்தது. 2019-இல் ராஜீவ் காந்தி கொலை வழக்கில் தண்டனை பெற்றிருந்த நளினி, மகளின் திருமண ஏற்பாட்டுக்காகச் சென்னை உயர் நீதிமன்றத்தில் தாமே வாதாடி 30 நாள் விடுப்பு பெற்றார். அதற்கெல்லாம் வழியறியாத சிறைவாசிக்கு, ஒரு பக்கத்தில் நாங்கள் எழுதும் அறிக்கையே கிட்டத்தட்டக் கடைசித் தீர்ப்பாகிவிடுகிறது.

பிறகு ஓர் ஆவணி மாதத்தில், கூரை வீட்டின் சுவர் சாய்ந்துகொண்டிருப்பதாக மனுச் செய்தவரின் ஊருக்குப் போனேன். சுவரைப் பார்த்தேன், அது மழையைத் தாங்காது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. மூன்று தெரு தள்ளி, கொல்லப்பட்டவரின் தாயார் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். அவரிடம் கேட்காமல் விசாரணை முடியாது என்று அதற்குள் கற்றிருந்தேன். நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வரட்டும் சார், அவன் பிள்ளைங்க என்ன பண்ணும்? ஆனா எங்க தெரு வழியா மட்டும் வரக் கூடாது" என்றார். ஊர்ப் பெரியவர்கள் ஒருமணிநேரம் பேசியதைவிட அந்த அம்மா சொன்ன அந்தச் சொற்களில் எனக்குத் தேவையான எல்லாம் இருந்தன. தெற்குப் பக்கத்து வண்டிப்பாதை வழியாகவே மனுச் செய்தவர் வந்து போக வேண்டும் என்ற நிபந்தனையோடு விடுப்பைப் பரிந்துரைத்தேன்.

காவல்துறையிலிருந்து வந்த கருத்தில் 'சட்டம் ஒழுங்கு பாதிக்கப்படலாம்' என்ற ஒரே வரிதான் இருந்தது. யாரால், எப்படி என்று அதில் இல்லை. விளக்கம் கேட்டுக் கோப்பு திரும்பிப் போய், மறுபடி வந்து, உத்தரவு கிடைத்தபோது கார்த்திகை பிறந்திருந்தது. சுவர் ஐப்பசி மழையிலேயே விழுந்துவிட்டது. அவருடைய மனைவி பிள்ளைகளோடு அண்ணன் வீட்டுத் தாழ்வாரத்தில் இருந்தார். கருத்துச் சொல்ல ஒரு காலக்கெடுவும், எதிர்ப்புக்குக் காரணத்தைப் பெயரோடும் நிகழ்வோடும் எழுத வேண்டும் என்ற கட்டாயமும் நடைமுறையில் உறுதியாக இருந்திருந்தால் அந்தச் சுவர் நின்றிருக்கும் என்று நான் அன்றும் எழுதினேன், இன்றும் அப்படியே நினைக்கிறேன்.

கிடைத்த நாட்களில் அவர் மண்சுவரை எழுப்பிக் கீற்று வேய்ந்துவிட்டு, குறித்த நாளில் குறித்த நேரத்துக்கு முன்பே சிறை வாசலில் வந்து நின்றார். இரண்டு ஆண்டுகள் கழித்து அவருடைய அடுத்த மனு வந்தபோதும் விசாரணைக்கு நானே போனேன். முதலில் அந்த அம்மாவைத்தான் பார்த்தேன். சொன்ன பாதையில்தான் அவன் வந்தான், போனான் என்றார். இந்தத் தடவையும் அதையே எழுதச் சொன்னார். எழுதினேன்.