கோழிச் சோறும் குட்டி நாயும்

சிங்கப்பூரில் வாடகை வீட்டில் இருப்பவர்கள் நாயைத் தத்தெடுக்கும் முன் வீட்டுக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஒரே ஒரு நாய்தான், அதுவும் அனுமதிக்கப்பட்ட இனமாக இருக்கவேண்டும். இது வீட்டுக்கான கணக்கு, ஆளுக்கானது அல்ல. பக்கத்து அறைக்காரர் ஏற்கெனவே ஒரு மால்டீஸ் நாய் வைத்திருந்தால் உங்களுக்கு வாய்ப்பில்லை. தோலுக்கடியில் பொருத்தும் அடையாள மைக்ரோசிப்பும் உரிமமும் கட்டாயம்.

முதல் வாரம் சாப்பாட்டை மாற்றவே மாற்றாதீர்கள். காப்பகத்தில் என்ன கொடுத்தார்களோ அதையே இரண்டு கிலோ வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு புதியதைக் கால் பங்கு, அரைப் பங்கு, முக்கால் பங்கு என்று ஒரு வாரத்தில் ஏற்றலாம். ஒரே நாளில் மாற்றினால் பேதிதான்.

ஐந்து கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த நாய்க்கு நாளொன்றுக்குச் சுமார் 300 கலோரி போதும். பையில் 100 கிராமுக்கு 375 கலோரி என்று போட்டிருந்தால் அது 80 கிராம். சமையலறைத் தராசில் நிறுத்து, காலை 40, மாலை 40 என்று பிரித்துவிடுங்கள். டம்ளர் அளவை நம்பவேண்டாம். இந்தக் கணக்கில் இரண்டு கிலோ பை 25 நாள் வரும். மலிவென்று பத்து கிலோ பை வாங்கினால் நான்கு மாதம் திறந்தே கிடக்கும். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அதன் கொழுப்பு சிக்கு வாடை அடித்துவிடும். அப்புறம் நாய் முகர்ந்து பார்த்துவிட்டுத் திரும்பிப்போகிறது என்று வருத்தப்படுவதில் பயனில்லை.

புது வீட்டில் முதல் நாள் சரியாகச் சாப்பிடாமல் இருப்பது சகஜம். தட்டை வைத்து 20 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். தண்ணீர் மட்டும் எப்போதும் இருக்கட்டும். ஒரு முழு நாள் எதையும் தொடாவிட்டால் மருத்துவரிடம் போகவேண்டும். குட்டியென்றால் அவ்வளவு நேரம்கூடக் காத்திருக்கக்கூடாது. பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். பாவம் பார்த்து, உணவங்காடியிலிருந்து கோழிச் சோறு வாங்கி ஊட்டுவார்கள். வெள்ளையாக இருப்பதால் காரமில்லை, கெடுதலில்லை என்று நினைப்பு. அந்தச் சோறே பூண்டு போட்டு வேகவைத்தது.

பூண்டும் வெங்காயமும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். வேகவைத்தாலும் நஞ்சு போகாது. சாம்பாரில் சின்ன வெங்காயத்தைப் பொறுக்கி எடுத்தாலும் சாறு குழம்பில்தானே இருக்கிறது? ரசமும் அப்படியே. பாயசத்திலும் கேசரியிலும் கிடக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திராமல் உடனே மருத்துவரை அழையுங்கள். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். தாளிக்காத, உப்பில்லாத தயிர்ச்சோறு ஒரு கரண்டி பரவாயில்லை. ஆனால் இப்படி இடையில் கொடுக்கும் தீனி எல்லாம் சேர்ந்து நாளுக்கு 30 கலோரிக்குள் அடங்கவேண்டும், அது கால் தோசையிலேயே தீர்ந்துவிடும்.

நடை காலை எட்டுக்கு முன், இல்லையென்றால் இருட்டிய பிறகு. புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு வினாடி வைத்துப் பாருங்கள், உங்களால் முடியாவிட்டால் நாயின் பாதத்தாலும் முடியாது. சின்ன நாய்களுக்கு மூச்சுக்குழாய் மென்மை, கழுத்துப்பட்டையில் இழுத்தால் இருமும். மார்பைச் சுற்றும் பட்டைதான் சரி.

கொசுவால் இதயப்புழு வரும். தடுப்பு மருந்தை வருடம் முழுக்கத் தவறாமல் கொடுக்கவேண்டும். வளர்ந்த நாயென்றால் தொடங்குமுன் ரத்தப் பரிசோதனை. புல்லில் நடந்து வந்ததும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் உண்ணி தேடுங்கள். இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்கவேண்டும். நசுக்கவோ எண்ணெய் தடவவோ வேண்டாம். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலோ, ஈறு வெளுப்போ, மூக்கில் ரத்தமோ தெரிந்தால், உண்ணி கடித்த தேதியையும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.