சின்னவள் வந்த பிறகு

ஏப்ரல் 26

பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டு வந்ததுதான் தாமதம், எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீடுகளில்) எல்லோரும் வைத்தியராகிவிட்டார்கள். ஒருத்தர் சீனித்தண்ணி தொட்டு வைக்கச் சொல்கிறார். இன்னொருத்தர் வசம்பைச் சுட்டு உரைத்துக் கொடுக்கச் சொல்கிறார். ஹட்டன் டவுனில் ஒரு மருந்துக்கடையில், நான் கேட்டது பஞ்சு, அவர்கள் கூடவே எடுத்து நீட்டியது கிரைப் வாட்டர். பஞ்சை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

மத்தியானம் எங்கள் பகுதி மருத்துவிச்சியான மிட்வைப் மிஸ் குடையோடு மேல் லயம் வரை ஏறி வந்தார். பிள்ளை பிறந்த முதல் 10 நாளுக்குள் அவர்கள் வீடு தேடி வந்து பார்க்க வேண்டும் என்பது முறை. தமிழ் கொஞ்சம் தடுமாறித்தான் பேசுவார், ஆனால் சொல்வது நன்றாக விளங்கும். தொப்புளைப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் பூச வேணாம் மகள், தானா காஞ்சு விழட்டும்" என்று என் மனைவியிடம் சொன்னார். சாம்பலும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். சுற்றிச் சிவந்தாலோ சீழ் வந்தாலோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

மே 4

பிறந்தபோது இருந்த நிறையை விடக் குறைந்துவிட்டது என்று மாமிக்கு ஒரே கவலை. தாய்ப்பால் பத்தவில்லையாம், மாப்பால் கரைக்கலாமாம். மிஸ்ஸுக்குப் போன் போட்டோம். நம்பர் பிள்ளையின் சுகாதாரப் பதிவேட்டிலேயே இருக்கிறது. பெண்பிள்ளை என்பதால் பிங்க் புத்தகம். முதல் சில நாளில் நிறை குறைவது வழக்கம், இரண்டு கிழமைக்குள் பழையபடி ஏறிவிடும் என்றார். ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது ஒண்ணுக்குப் போகிறதா என்றுதான் முதலில் கேட்டார். போகிறது. அப்படியென்றால் பால் பத்துகிறது. 6 மாதம் வரை தாய்ப்பால் மட்டும்தான், பச்சைத் தண்ணி கூடக் கிடையாது.

அம்மாயியைப் பற்றியும் எழுத வேண்டும். குளிப்பாட்டுவது, சுற்றிப் படுக்க வைப்பது, அழுகிற பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டுவது, இதிலெல்லாம் அவரை மிஞ்ச ஆளில்லை. இந்தக் குளிரில் தண்ணியின் சூட்டை முழங்கையால் பார்க்க எங்களுக்குச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். பிள்ளையின் வாய்க்குள் போகிற எதற்கும் மிஸ்ஸைக் கேட்பது, மற்றதற்கு அம்மாயி. எங்கள் வீட்டு ஒப்பந்தம் இது. சாம்பிராணிப் புகையில்தான் இன்னும் இழுபறி. ஏற்கெனவே விறகடுப்புப் புகை காம்பராவுக்குள் வருகிறது, அதற்கு மேலே இது எதற்கு?

மே 19

இடது கையில் ஊசி போட்ட இடத்தில் சின்னதாகக் கொப்புளம். காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. போட்டால் சில கிழமையில் அப்படித்தான் வரும், எதுவும் பூசாமல் விடுங்கள் என்றார் மிஸ். சரி, விட்டாயிற்று.

மே 30

நேற்று ராத்திரி பிள்ளை உடம்பு சுட்டது. தேர்மாமீட்டரில் 38.3. பால் குடிக்கவும் எழும்பவில்லை. விடியட்டும், தோட்டத்து டிஸ்பென்சரிக்குப் போகலாம் என்றார் மாமி. ஆனால் டிஸ்பென்சரி ஐயாவே முன்பு ஒரு தடவை சொல்லியிருக்கிறார்: மூன்று மாதத்துக்குள்ளே காய்ச்சல் என்றால் என்னிடம் வராதே, நேரே ஆஸ்பத்திரிக்குப் போ. அந்த வயதில் 38க்கு மேல் போனால் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. கிருமி இரத்தத்தில் இருந்தாலும் வெளியே பெரிதாக ஒன்றும் தெரியாதாம்.

1990க்கு அடித்தேன். சுவசெரிய அம்புலன்ஸ், காசு கிடையாது. லயத்துக்குப் போகும் பாதையில் வாகனம் ஏறாது என்று முதலிலேயே சொன்னதால் கீழே ஸ்டோர் சந்தியில் நிற்பதாகச் சொன்னார்கள். பக்கத்து வீட்டுத் தம்பி டோர்ச் பிடிக்க, மழைக்குள் இறங்கினோம். போகும் வழியில் வண்டியில் வந்தவர் ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணினார். 60ஐத் தாண்டினால் வேகம் என்று அர்த்தம். தாண்டவில்லை. இரத்தமும் சிறுநீரும் எடுத்து, வார்ட்டில் வைத்துப் பார்க்கிறார்கள்.

ஜூன் 2

வீட்டுக்கு வந்தோம். சிறுநீரில்தான் கிருமி. மிச்ச மருந்தை நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும், அடுத்த கிளினிக் தேதி துண்டில் இருக்கிறது. சுகமாகிவிட்டது போல் தெரிந்தாலும் மருந்தை நிறுத்தக் கூடாது என்று டொக்டர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஜூன் 24

இரண்டு மாத ஊசி. தொண்டைக்கரப்பான், குக்கல், ஏற்புவலி உட்பட ஐந்து வருத்தத்துக்கும் சேர்த்து ஒரே ஊசி, அதோடு போலியோ சொட்டு. வார்ட்டில் இருந்த கதையை ஊசிக்கு முதலே சொன்னோம், துண்டையும் காட்டினோம். காய்ச்சல் வந்தால் கொடுக்க வேண்டிய பரசிட்டமோல் அளவை நிறை பார்த்து எழுதிக் கொடுத்தார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு எழுதிய அளவு நம் பிள்ளைக்குச் சரிவராது. இரண்டும் ஒரே வயதாக இருந்தாலும்தான்.

பதிவேட்டில் நிறைப் புள்ளி, சரியான நிறையைக் காட்டும் பச்சைக்குள் விழுந்தது. மாமி அதை இரண்டு பேருக்காவது காட்டியிருப்பார்.

ஜூலை 6

கீழ் தோட்டத்தில் புதிதாகப் பிள்ளை பெற்ற தங்கச்சி ஒருத்தி எங்கள் மிஸ்ஸின் நம்பர் கேட்டாள். கொடுத்தேன். ஆனால் அவள் இருப்பது வேறு மிட்வைப்பின் பிரிவு. அந்த மிஸ்ஸின் பெயரும் நம்பரும் அவள் பிள்ளையின் புத்தகத்திலேயே இருக்கும், இல்லாவிட்டால் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஆபீசில் கேட்டால் சொல்வார்கள். புத்தகத்தை அலுமாரியில் பூட்டி வைத்திருக்கிறாளாம், கசங்கிவிடும் என்று. எடுத்து வெளியே வை என்றேன்.