இறக்கத்துக்கு ஒரு வண்டி

அக்டோபர் 9

மழை. பட்டறை திறக்கவில்லை. பக்கவாதத்தில் வலது பக்கம் செயலிழந்த மாமா தானே மிதித்து டீக்கடைக்குப் போய்வர ஒரு மூன்று சக்கர வண்டி செய்ய வேண்டும்.

அக்டோபர் 10

காலையில் கொஞ்சம் வெளுத்தது. ரசமட்டத்தையும் ஒரு மீட்டர் சட்டத்தையும் எடுத்துக்கொண்டு வாசலிலிருந்து டீக்கடை வரைக்கும் ரோட்டை அளந்தேன். அத்தை குடை பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். ஊரே வேடிக்கை பார்த்தது. "வீட்டை விக்கப் போறீங்களா?" என்று கேட்டார் ஒருவர்.

பெரும்பாலும் மீட்டருக்கு 9 சென்டிமீட்டர் இறக்கம். தண்ணீர்த் தொட்டி வளைவில் மட்டும் 14.

கட்டடங்களில் சாய்தளம் போட்டால் 1-க்கு 12-க்கு மேல், அதாவது 12 மீட்டர் நீளத்துக்கு 1 மீட்டர் ஏற்றத்துக்கு மேல், செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது விதி. குன்னூருக்கு ஏறிவரும் ரயில் பாதையில் மிகச் செங்குத்தான இடமும் அதே 1-க்கு 12 தான். 1899-இல் அந்த ஏற்றத்துக்கென்றே தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம் போட்டு, எஞ்சினைப் பின்னால் வைத்துத் தள்ள வேண்டியிருந்தது. எங்கள் ரோடு 1-க்கு 11. வளைவில் 1-க்கு 7. பல்சட்டமும் கிடையாது, எஞ்சினும் கிடையாது. மாமாவின் இடது கால் மட்டும்தான்.

அக்டோபர் 12

"மோட்டார் வச்சிடலாமே." இன்றைக்கும் கேட்டார்கள். பெரியப்பா போனில், பட்டறை அண்ணன் நேரில், மருந்துக்கடைக்காரர் பில் போட்டுக்கொண்டே.

ஸ்கூட்டருக்கு ஆக்சிலேட்டர் வலது கையில். மாமாவின் வலது கை மடியில் கிடக்கிறது. பேட்டரி வண்டியை இடது கைக்கு மாற்றிக் கொடுக்கலாம், சரி. ஆனால் பிசியோதெரபிக்கு வருகிறவர் தினமும் கத்துவது என்ன? காலை அசையுங்கள், காலை அசையுங்கள். கட்டிலில் படுத்துக்கொண்டு காலை அசைக்கச் சொன்னால் மாமா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறார். டீக்கடைக்குப் போக அசை என்றால் அசைப்பார். எனக்குத் தெரியும். முப்பது வருஷம் தேயிலை ஃபாக்டரியில் ஃபிட்டராக இருந்தவர், காரணம் இல்லாமல் ஒரு போல்ட்டைக்கூடத் திருப்பமாட்டார்.

மேல் லைனில், அதாவது மேல் வரிசை வீடுகளில், இருக்கிற அக்காவுக்குச் சின்ன வயதில் போலியோ. யாரோ முகாமில் கொடுத்த கைவண்டி அவர் வீட்டு வாசலில் நிற்கிறது. முன்சக்கரத்துக்குச் செயின் போகிற மாதிரி. நல்ல உறுதியான வண்டி, சமவெளியில் பறக்கும். இங்கே ஏற்றத்தில் எடையெல்லாம் பின்னால் போய்விடுகிறது, முன்சக்கரம் ஈர ரோட்டில் பிடிப்பில்லாமல் சும்மா சுற்றுகிறது. அதில் இப்போது கோழி அடைகாக்கிறது.

மாமாவுக்கு முன்னால் இரண்டு சக்கரம், பின்னால் ஒன்று, பின்சக்கரத்துக்குத்தான் செயின். ஏறும்போது எடை ஓட்டுகிற சக்கரத்துக்குப் போகும், இறங்கும்போது பிரேக் இருக்கிற முன்சக்கரங்களுக்கு வரும். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. சந்தேகமெல்லாம் பிரேக்கில்தான்.

அக்டோபர் 13

கையை விட்டால் வண்டி நிற்க வேண்டும்.

அக்டோபர் 15

இரவு இரண்டு மணிக்கு எழுந்து போட்ட கணக்கு. காலையில் பார்த்தும் சரியாகத்தான் இருக்கிறது.

மாமா 62 கிலோ. வண்டியை 38-க்குள் அடக்கிவிட்டால் மொத்தம் 100. ஒன்பது சதவீத ஏற்றத்தில் வண்டியைப் பின்னால் இழுக்கிற விசை 9 கிலோ, டயர் உராய்வோடு 10 என்று வைத்துக்கொள்ளலாம். அவர் காலால் 30 வாட் கொடுக்க முடிந்தால் மணிக்கு ஒரு கிலோமீட்டர் சொச்சம் வேகம். அத்தை வழியில் நின்று இரண்டு பேரிடம் பேசிவிட்டு வந்தாலும் முந்திவிடுவார். பரவாயில்லை, அவசரம் யாருக்கு?

முன்னால் 22 பல், பின்னால் 34 பல், 20 இஞ்ச் சக்கரம் என்று போட்டால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி ஒரு மீட்டர் நகரும். ஒற்றைக் காலுக்கு அது அதிகம். நடுவில் ஒரு ஷாஃப்ட் கொடுத்து இன்னொரு பாதியாகக் குறைத்தால் அரை மீட்டர். அப்போது காலில் 12 கிலோ அழுத்தினால் போதும். கட்டிலில் உட்காரவைத்து, எடை மெஷினைச் சுவரில் சாய்த்து மிதிக்கச் சொன்னேன். 30 வரை சுலபமாகக் காட்டியது. மெஷினை எட்டி உதைத்துவிட்டுச் சிரித்தார். ரொம்ப நாளைக்கு அப்புறம்.

கணக்கில் வராதது ஒன்று இருக்கிறது. ஒற்றைக் கால் பாதிச் சுற்றுதான் தள்ளும். மீதிப் பாதியில் அந்தக் கால் சும்மா ஏறிவர வேண்டும். சமதரையில் வண்டி ஓடுகிற வேகமே அந்தப் பாதியைத் தாண்டவைத்துவிடும். ஏற்றத்தில் இந்த ஆமை வேகத்தில் என்ன உந்தம் மிச்சம் இருக்கும்? கணக்குப் பார்த்தால் தேவையானதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. பாதிச் சுற்றில் நின்றுவிடும். நின்றால் பரவாயில்லை. பின்னால் உருளும்.

அக்டோபர் 16

பின்னால் உருளும்.

அக்டோபர் 17

பர்லியாறு பக்கம் மண் சரிந்து வண்டிகளைச் சுற்றிவிடுகிறார்கள். மேட்டுப்பாளையத்திலிருந்து வரவேண்டிய பைப் கோத்தகிரி வழியாக வருகிறதாம். வரட்டும்.

அத்தை ரசம் வைத்தார். மாமா இரண்டு தரம் வாங்கிக் குடித்தார். பிரஷர் 140/90.

அக்டோபர் 18

இன்றைக்கு நடந்ததை மறக்காமல் எழுதிவைக்க வேண்டும்.

பட்டறையிலிருந்து கொண்டுவந்த பழைய சாமான்களைத் திண்ணையில் கொட்டியிருந்தேன். மாமா நாற்காலியில் உட்கார்ந்தபடி இடது கையால் கிளறினார். சைக்கிள் பின்சக்கரத்து 18 பல் ஃப்ரீவீல் ஒன்றை எடுத்துக் காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சுற்றினார். டிக்டிக் என்று சுற்றியது. அப்புறம் எதிர்ப்பக்கம் சுற்றப் பார்த்தார். நின்றது. என்னைப் பார்த்தார். மறுபடி சுற்றினார், நின்றது, என்னைப் பார்த்தார். "என்ன மாமா, ரிப்பேரா?" என்றேன். கோபம் வந்துவிட்டது. வார்த்தை வரவில்லை. சாக்பீஸ் கேட்டுத் திண்ணையிலேயே இடது கையால் வரைந்தார். கோணல்மாணலாக ஒரு சக்கரம், ஒரு ஷாஃப்ட், ஷாஃப்டிலிருந்து ஒரு செயின், செயின் போய்ச் சேருகிற இடத்தில் ஃப்ரீவீல். ஃப்ரீவீலின் உள்பக்கத்தைச் சட்டத்தோடு சேர்த்துப் பற்றவைக்கச் சொல்லி விரலால் தட்டிக் காட்டினார்.

முன்னால் போனால் தானாகச் சுற்றும். பின்னால் உருளப் பார்த்தால் பூட்டிக்கொள்ளும். ஒரு மிதி, கால் மீட்டர், மூச்சு வாங்கலாம். இன்னொரு மிதி. பாதிச் சுற்றில் நின்றால் நிற்கட்டும்!

அவர் ஃபாக்டரியில் சரக்கு தூக்குகிற கைவின்ச்சில் இதே மாதிரி ஒன்று இருந்ததாம். இதை அத்தைதான் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "இருபது வருசமா ராத்திரி சோத்துல அதத்தான கண்ணு பேசுனாரு."

அக்டோபர் 19

ரிவர்ஸ் எடுக்கும்போது அந்தப் பூட்டை விடுவிக்க ஒரு நெம்புகோல் வேண்டும். அதுவும் இடது கையில். திருப்புவதும் இடது கை. பிரேக்கும் இடது கை. ஒரு கைக்கு எத்தனை வேலை கொடுப்பது?

தூக்கம் வராமல் படித்தது: 1655-இல் நூரம்பெர்க் பக்கத்தில் ஸ்டீஃபன் ஃபார்ஃப்லர் என்ற கடிகாரக்காரர், நடக்க முடியாதவர், கையால் சுற்றி ஓட்டுகிற மூன்று சக்கர நாற்காலியைத் தனக்காகத் தானே செய்திருக்கிறார். அப்போது அவருக்கு 22 வயது. கைப்பிடியைச் சுற்றினால் பல்சக்கரம் வழியாக முன்சக்கரம் ஓடும். யாரும் அவருக்கு அளவெடுக்கவில்லை, யாரும் மோட்டார் வைக்கச் சொல்லவில்லை.

அக்டோபர் 21

அளவுகள். சீட் உயரம் 50 சென்டிமீட்டர். தாழ்வான சீட் பார்க்க அழகு, கவிழாது, ஆனால் பக்கவாதம் வந்தவர் அதிலிருந்து எழுந்திருக்க முடியாது. கட்டில் உயரமும் அதேதான். அகலம் 78-க்கு மேல் போகக் கூடாது, லைன் வீடுகளுக்கு நடுவில் சந்து 85. உயரமான சீட், குறுகின அகலம், சாய்ந்த ரோடு. தொட்டி வளைவில் எட்டு கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் விட எனக்குத் தைரியம் இல்லை.

பெடலைத் தாங்குகிற கிராங்க் 170 மில்லிமீட்டர் இருந்தது, 125-ஆகக் குறைத்தாயிற்று. வலது முழங்கால் அதற்கு மேல் மடங்கமாட்டேன் என்கிறது. வலது பெடலில் குதிகாலைத் தாங்கத் தகட்டில் ஒரு கிண்ணம், இரண்டு வார். பாதம் விழாமல் இருக்க அவர் போடுகிற பிளாஸ்டிக் தாங்கியோடு சேர்த்தே உள்ளே உட்கார வேண்டும்.

அக்டோபர் 22

சைக்கிள் ரிம் பிரேக் கூடவே கூடாது. நனைந்த இரும்பு ரிம்மில் கட்டை வழுக்கும். இங்கே ரிம் காய்கிற நாள் எத்தனை?

பட்டறை அண்ணன் பழைய டிவிஎஸ் மொபெட் இரண்டின் முன்பக்கத்தை ஃபோர்க்கோடு அறுத்துக் கொண்டுவந்துவிட்டார். டிரம் பிரேக், ஈரம் லேசில் உள்ளே போகாது, ஃபோர்க் இரண்டு பக்கமும் தாங்கும். கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "நம்ம ரெண்டு பேரும் சேந்து அரை மொபெட் பண்றோம் தங்கச்சி" என்றார்.

அக்டோபர் 24

விட்டால் நிற்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேனே, அதில் ஒரு ஓட்டை இருக்கிறது.

ரயிலில் வாக்குவம் போனால் பிரேக் தானாகப் பிடிக்கும். அதே மாதிரி ஸ்பிரிங் எப்போதும் பிரேக்கைப் பிடித்தே வைத்திருக்க, லிவரை அழுத்தினால்தான் வண்டி நகரும் என்பது என் திட்டம். இறக்கத்தில் மாமாவுக்கு மயக்கம் வந்து கை தளர்ந்தால் நின்றுவிடும். நல்லது. ஆனால் பயந்தால்? பயந்தவன் கை விடாது. இறுக்கிப் பிடிக்கும். நாய் குறுக்கே வந்தால், ஜீப் ஹாரன் அடித்தால், மாமா லிவரை முழு பலத்தோடு அழுத்துவார். பிரேக் முழுசாக விடுபடும். தொட்டி வளைவில்.

நாள் பூராவும் இதுவே. சாப்பிடும்போது என் இடது கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை "சுளுக்கா?" என்றார்.

அக்டோபர் 25

ஆபீஸிலிருந்து போன். எப்போது வருகிறாய்? சொல்கிறேன் என்றேன்.

அக்டோபர் 26

அந்த போன்தான் ஞாபகப்படுத்தியது. எங்கள் ரோபோ வெல்டிங் லைனில் கையில் பிடித்து ரோபோவை ஓட்டுகிற பென்டன்ட்டின் பின்பக்கம் ஒரு சுவிட்ச் இருக்கும். மூன்று நிலை. விட்டாலும் ரோபோ நிற்கும், பதறி இறுக்கினாலும் நிற்கும், நடுவில் லேசாகப் பிடித்தால்தான் நகரும். தினமும் அதைப் பிடித்த கைதான் இது.

ஒரே லிவர், இரண்டு கேபிள். லிவரின் முதல் பாதி, பின்சக்கரத்து ஸ்பிரிங் பிரேக்கை விடுவிக்கும். இரண்டாம் பாதி முன்னால் இருக்கிற இரண்டு டிரம்மையும் இழுக்கும். விட்டால் பின்னால் பிடிக்கும். இறுக்கினால் முன்னால் பிடிக்கும். நடுவில் மட்டும்தான் ஓடும். மொபெட் கிளட்ச் லிவருக்கு இவ்வளவு தூரம் ஓட்டம் கிடையாது, பட்டைக்கம்பியில் நாமே செய்ய வேண்டும்.

மாமாவிடம் வரைந்து காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். சாக்பீஸை வாங்கி முன் கேபிள் இரண்டுக்கும் நடுவில் ஒரு சின்னச் சட்டம் போட்டார். ஒரு பக்கம் தேய்ந்து தளர்ந்தாலும் இரண்டு சக்கரமும் சமமாகப் பிடிக்கும். உனக்கு ஏன் தோன்றவில்லை என்று கேட்கவே இல்லை, "சரி" என்றார். வந்த ஒரே வார்த்தை.

அக்டோபர் 29

பிரைமர் அடித்தாயிற்று. 41 கிலோ. அந்த மூன்று கிலோவை எங்கே குறைப்பது?

அக்டோபர் 31

மூன்று மணல் மூட்டைகளைச் சீட்டில் கட்டி, பின்னால் கயிறு போட்டு, பட்டறை அண்ணனும் நானும் பிடித்துக்கொண்டு இறக்கத்தில் விட்டோம். லிவரை நடுநிலையில் வைத்துக் கம்பியால் கட்டி, கம்பியில் நூல். நூலை இழுத்தால் லிவர் விடுபடும். காய்ந்த ரோட்டில் ஒரு மீட்டருக்குள் நின்றது. பின் பிரேக் லேசாகச் சூடு, அவ்வளவுதான். பசங்க கைதட்டினார்கள்.

தொட்டியில் கசிகிற தண்ணீரில் வளைவு முழுக்கப் பாசி. அங்கே நூலை இழுத்ததும் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு அப்படியே வழுக்கியது. கயிறு இருந்ததால் பிழைத்தது. தட்டையான இடத்தில் தராசு வைத்துப் பார்த்தேன். மொத்த எடையில் பின்சக்கரத்தில் விழுவது 38 கிலோ. இறக்கத்தில் இன்னும் குறையும். பாசிமேல் அது எதற்குக் காணும்?

மாமா வாசலிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். திரும்பி வந்ததும் மூட்டையை இறக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். தான் உட்கார வேண்டுமாம். முடியாது என்றேன். இரவு சாப்பிடவில்லை.

நவம்பர் 1

சமதரையில், கோயில் முன்னால் உட்காரவைத்தேன். மிதித்தார். வலது கால் கிண்ணத்துக்குள் நடுங்கிக்கொண்டே ஏறி இறங்கியது. திருப்பத்தில் டயர் உரசுகிறது, உள்சக்கரம் இன்னும் கொஞ்சம் அதிகம் திரும்ப வேண்டும், இணைப்புக் கம்பியைச் சரிசெய்ய வேண்டும். நடுநிலையைக் கை சீக்கிரமே கண்டுபிடித்துவிட்டது. பூசாரியின் நாய் குறுக்கே வந்தது. இறுக்கினார். நின்றது.

நவம்பர் 2

அத்தை விடிகாலையிலேயே பிளீச்சிங் பவுடரும் தென்னந்துடைப்பமும் எடுத்துக்கொண்டு தொட்டி வளைவுக்குப் போய்விட்டார். "வண்டிய ஏன் கண்ணு போட்டு மாத்தற, பாசியத் தேச்சா முடிஞ்சுது." மேல் லைன் அக்காவும் வாசலில் உட்கார்ந்து, யார் எங்கே தேய்க்க வேண்டும் என்று உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். அவர் வண்டிக்கும் அந்த ஃப்ரீவீல் பூட்டு போட முடியுமா என்று கேட்டார். செயினைப் பின்சக்கரத்துக்கு மாற்றினால் முடியும் என்றேன். முதலில் கோழியைக் கிளப்ப வேண்டும்.

பாசி அடுத்த மழைக்குத் திரும்ப வரும். ஸ்பிரிங்கை முன் டிரம்களுக்கு மாற்றுகிறேன். விட்டாலும் முன்னால்தான் பிடிக்கும், இறுக்கினாலும் முன்னால்தான் பிடிக்கும். பின் பிரேக் நிறுத்திவைக்க மட்டும். டிரம்முக்கு உள்ளேயே இரண்டையும் எப்படி அடக்குவது என்று பட்டறை அண்ணன் தலையைச் சொறிகிறார். லீவை நீட்டச் சொல்லி மெயில் போட்டாயிற்று.

நவம்பர் 4

கேபிள் வந்துவிட்டது. நீளம் போதவில்லை.